ஜப்பான் தன்னை எடுத்துச் சொன்ன கதை

1871-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ஆம் தேதி, 'அமெரிக்கா' என்னும் நீராவிக் கப்பல் யோகஹாமாத் துறைமுகத்தை விட்டு ஸான் பிரான்ஸிஸ்கோவை நோக்கிப் புறப்பட்டபோது, ஜப்பானின் புதிய அரசாங்கத்தில் ஏறக்குறையப் பாதி அதன் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. தூதுக் குழுவின் தலைவர் இவாகுரா தொமொமி. அவருக்குத் துணையாக ஓகுபோ, கிதோ, இதோ முதலிய மந்திரிகள். அவர்களுடைய பிரயாணத்தை நாள்தவறாமல் குறித்து வைக்கும் பொறுப்பேற்ற குமே குனிதாகே என்னும் கல்விமான். இவர்களோடு அமெரிக்காவில் கல்வி கற்கவென்று அனுப்பப்பட்ட ஐந்து பெண் குழந்தைகள். அந்த ஐவரில் இளையவளான ட்சுதா உமேவுக்கு அப்பொழுது ஆறு வயது.

பஸிபிக் சமுத்திரத்தைக் கடக்கும் அந்த நீண்ட நாட்களில் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது என்று குமே தம்முடைய முதுமையில் எழுதி வைத்திருக்கிறார். மேல்நாட்டார், 'உங்கள் மதம் யாது?' என்று கேட்டால் என்ன விடை பகர்வது? பௌத்தம் என்று சொல்லலாமே என்றார் சிலர். ஆனால் அதைப் பற்றி மேலும் இரண்டு கேள்விகள் கேட்டால் விளக்கிச் சொல்லும் அளவுக்கு அறிந்தவர் அக்கூட்டத்தில் இல்லை. கன்பூஷியஸின் வழி என்று சொல்லலாம் என்றால், அது ராஜநீதியும் ஒழுக்க சாஸ்திரமுமேயன்றி மதமாகுமா என்ற ஐயம் வந்தது. நாட்டுத் தேவதைகளை வணங்கும் ஷிந்தோ என்று சொல்லலாம் என்றால், வேதப் புத்தகமும் சித்தாந்தமும் கேட்பவர்களுக்கு எதை எடுத்துக் காட்டுவது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமென்றாலோ, மதமில்லாத மனிதனை மேல்நாட்டார் மிருகத்தோடு சேர்த்து எண்ணுவார்களே! ஒரு தேசத்தை ஆளும் பொறுப்பேற்ற அறிவாளிகள், தங்கள் பாட்டனும் பூட்டனும் எதை வணங்கினார்கள் என்று அந்நியனுக்குச் சொல்ல வாய்வராமல் நடுக்கடலில் திகைத்திருந்த அந்தக் காட்சியைப் போல் என் மனத்தைக் கவர்ந்த காட்சி ஜப்பானிய சரித்திரத்தில் வேறொன்றில்லை.

ஜப்பானைப் பற்றி அந்நியர் எழுதிய விருத்தாந்தங்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். ஆனால் அந்த அந்நியரின் அருகில் உட்கார்ந்து விடை சொன்னவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. விடை சொல்லப் புகுந்தவனே அந்த விடையினால் மாறிப்போனான் என்பது என் எண்ணம். அதற்குக் கப்பலிலிருந்து முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும்.

1542-ல் கோவாவுக்கு வந்து, அவ்வாண்டே நம்முடைய முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்ஸிஸ் சவேரியார், இரு பாஷையும் அறிந்தவர்களைக் கொண்டு ஜபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து பரதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பது நாம் அறிந்ததே. அதே உபாயத்தைத்தான் அவர் ஏழாண்டுகளுக்குப் பின் ஜப்பானிலும் கையாண்டார். அங்கே அவருக்கு வாய்த்த துபாஷி, கொலைப் பழிக்கு அஞ்சிச் சொந்த ஊரை விட்டு ஓடி, மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, கோவாவில் ஞானஸ்நானம் பெற்ற அஞ்சிரோ. 1549 ஆகஸ்டு 15-ஆம் தேதி இருவரும் அஞ்சிரோவின் ஊரான ககோஷிமாவில் இறங்கினார்கள். சர்வேசுரனுக்கு ஜப்பானிய பாஷையில் என்ன பெயர் என்று கேட்டதற்கு, கல்வி அதிகமில்லாத அஞ்சிரோ 'தைனிச்சி' என்று சொல்லிவிட்டார். தைனிச்சியோ ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் வைரோசன புத்தர்! பௌத்த பிக்ஷுக்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றார்கள். புத்தர் பிறந்த பாரத தேசத்திலிருந்து வந்திருக்கும் இன்னொரு கிளையார் போலும் என்று எண்ணினார்கள். 1551-ல் யாமகுச்சி நகரில் பிழை தெரியவந்தபோது சவேரியார் திடுக்கிட்டு, அதுவரை தாம் வணங்கச் சொன்ன பெயரையே வணங்காதீர்கள் என்று தெருவிலே கூவச் செய்ய வேண்டியதாயிற்று. அதன் பின்னர் லத்தீன் பெயரான 'தேயுஸ்' என்பதையே அப்படியே வழங்கினார். இவ்வளவுக்குப் பிறகும், அவ்வூர்ப் பிரபு 1552-ல் பாதிரிமார்களுக்கு இடம் அளித்து எழுதிக்கொடுத்த சாசனத்தில், புத்த தர்மத்தைப் பரப்ப வந்த மேற்றிசைத் துறவிகள் என்றே அவர்களைக் குறித்திருந்தார். சவேரியாருக்கு ஜப்பான் விளங்கவில்லை, ஜப்பானுக்குச் சவேரியார் விளங்கவில்லை. இருவருக்கும் விளங்கிவிட்டதுபோல் இரண்டு வருஷம் காரியம் நடந்தது.

அவருக்குப் பின் வந்த லூயிஸ் புரோயிஸ் என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார், இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்து, 1585-ல் ஐரோப்பியர் இப்படி, ஜப்பானியர் அப்படி என்று அறுநூறுக்கு மேற்பட்ட வேற்றுமைகளைப் பதினான்கு அத்தியாயங்களில் அடுக்கினார். நாம் கையால் உண்கிறோம், அவர்கள் இரு குச்சிகளால் உண்கிறார்கள். நமக்குத் துக்கத்துக்குக் கறுப்பு, அவர்களுக்கு வெள்ளை. (வெள்ளையைப் பற்றிய வியப்பு நமக்கு வியப்பைத் தராது.) வேற்றுமைகளை எண்ணுவது எளிது. அந்தக் கையெழுத்துப் பிரதி மாட்ரிடில் கண்டெடுக்கப்பட்டது 1946-ல்தான் என்பதால் அதனால் யாருக்கும் நன்மையோ தீமையோ விளையவில்லை.

கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு, போர்த்துக்கேயர் விரட்டப்பட்டு, 1641 முதல் டச்சுக்காரர் மாத்திரம் நாகசாகியை ஒட்டிய தெஜிமா என்னும் விசிறி வடிவச் செயற்கைத் தீவில் அடைபட்டு வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட காலத்தில், விளக்கிச் சொல்வது ஒரு பரம்பரைத் தொழிலாயிற்று. சில குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டுமே உரிய அந்த உத்தியோகத்தில் பெரிய துபாஷி, சின்னத் துபாஷி, பயிற்சித் துபாஷி என்று படிகள் இருந்தன. கப்பல் வந்ததும் ஏறிச் சரக்குக் கணக்கை எழுதுவது, உலகச் செய்திகளைக் கேட்டுப் பெயர்த்து எதோ நகரிலிருந்து நாட்டை ஆண்ட ஷோகுனுக்கு அனுப்புவது, டச்சுக்காரர் என்ன செய்கிறார்கள் என்று வேவு பார்ப்பது ஆகிய எல்லாம் இவர்கள் வேலை. அவர்கள் கணக்கெழுதிய சரக்கில் சோழமண்டலக் கரையின் துணிகளும் இருந்தன; கோடிட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானில் 'சாந்தோமே' என்று பெயர் நிலைத்தது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயர்தான் அது; இடையிலே எத்தனை பேர் வாயில் புகுந்து வந்தாலும் ஊர்ப்பெயர் பிழைத்துக்கொண்டது!

தேசத்தின் சட்டதிட்டங்களையோ, மதத்தையோ, பூகோளத்தையோ அந்நியருக்குச் சொல்வதில்லை என்று துபாஷிகள் சத்தியப் பிரமாணம் செய்து, இரத்தத்தால் முத்திரையிட வேண்டும். அறிந்தவன் வாய் திறக்கக்கூடாது, வாய் திறக்கக்கூடியவன் வேறெவனும் இல்லை என்ற இந்த விசித்திர நிலைமையில்தான், 1690-ல் ஏங்கல்பெர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் டச்சுக் கம்பெனியின் சேவகராகத் தெஜிமாவுக்கு வந்தார். மருந்தும் கொடுத்து, வான சாஸ்திரமும் சொல்லிக் கொடுத்து, மதுவும் ஊற்றி அவர் துபாஷிகளின் நட்பைச் சம்பாதித்தார். தமக்கு ஏவலாளாகத் தரப்பட்ட ஒரு வாலிபனுக்கு டச்சு பாஷையை இலக்கண சுத்தமாகக் கற்பித்து, அதற்குக் கைம்மாறாக அவனிடமிருந்து ஜப்பானிய அரசு, கோயில், குடும்பம், கல்வி ஆகிய சகலத்தையும் கேட்டறிந்தார். 1691-லும் 1692-லும் டச்சுத் தூதோடு எதோவுக்குப் போனபோது, ஷோகுன் ட்சுனயோஷி திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவரை நடக்கவும், ஆடவும், பாடவும் சொல்லி வேடிக்கை பார்த்தார் என்றும் கெம்ப்பர் எழுதியிருக்கிறார். பார்க்க வந்தவன் தானே காட்சிப் பொருளானது நியாயந்தான். அவருடைய 'ஜப்பான் சரித்திரம்' அவர் இறந்த பிறகு, 1727-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியாகி, ஒரு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவின் ஜப்பானிய ஞானத்துக்கெல்லாம் மூலாதாரமாக இருந்தது. அந்த வாலிபனின் பெயரை அதில் அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் தலை போயிருக்கும். அவன் பிற்காலத்தில் பெரிய துபாஷியாக உயர்ந்த இமாமுரா கென்எமோன் என்று ஆராய்ச்சியாளர் கண்டுபிடிக்க முந்நூறு வருஷங்கள் ஆயின.

ஆனால் இந்தக் கதையின் உச்சம் அதுவன்று. கெம்ப்பர் தம் நூலின் அனுபந்தத்தில், ஜப்பான் தன் மக்களை வெளியே விடாமலும் அந்நியரை உள்ளே விடாமலும் அடைத்துக்கொண்டிருப்பது நன்மையா என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நாகசாகித் துபாஷியாக இருந்து விலகிய ஷிசுகி தடாவோ 1801-ல் அதை டச்சிலிருந்து ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். நீண்ட தலைப்பு வாயில் நுழையாதென்று அதைச் சுருக்கி 'சகோகு' - பூட்டப்பட்ட நாடு - என்று ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டார். நூற்றறுபது வருஷமாகப் பூட்டிய வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு, வீடு பூட்டியிருக்கிறது என்பதற்குச் சொல் அதுவரை இல்லை! ஒரு ஜப்பானியத் துபாஷி அந்நியனுக்குச் சொன்னது, அந்நியன் நூலாகி, இன்னொரு ஜப்பானியத் துபாஷியின் கையால் திரும்பி வந்து, அவர்களுடைய சரித்திரத்தின் ஒரு யுகத்துக்கே பெயரானது.

சொல்லைப் படைக்கும் இந்த வேலை, இவாகுராவின் தூதுக் குழு புறப்பட்ட மெய்ஜி யுகத்தில் வெள்ளம்போல் பெருகிற்று. கப்பலில் குமேயின் தோழர்கள் திகைத்ததற்கு ஒரு காரணம், 'மதம்' என்ற பொருளில் திட்டமான சொல்லொன்று அவர்கள் பாஷையில் அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. பௌத்த சம்பிரதாயங்களின் உபதேசத்தைக் குறித்த 'ஷூக்யோ' என்ற பழஞ்சொல்லை எடுத்து, உடன்படிக்கைகளை மொழிபெயர்த்தவர்கள் புதுப் பொருள் ஏற்றினார்கள். (நம்முடைய 'மதம்' என்பதும் வடமொழியில் அபிப்பிராயம் என்ற அளவிலே நின்ற சொல்தானே.) 'சமூகம்' என்பதற்கு 'ஷகாய்' என்ற சொல்லைப் பத்திரிகாசிரியர் புகுச்சி கென்இசிரோ 1875-ல் வழக்கில் கொண்டுவந்தார் என்பர், கோயிலைக் குறிக்கும் எழுத்தும் கூட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது அச்சொல். ஆக, 'ஜப்பானிய சமூகமும் மதமும்' என்று இன்று வழிகாட்டிப் புத்தகங்கள் அத்தியாயம் பிரிக்கும்போது, அந்தப் பிரிவினைக்கு வயது நூற்றைம்பதுதான்.

சொல்லை மட்டுமல்ல, பொருளையும் அறுத்துப் பிரித்தார்கள். ஆயிரம் வருஷமாக ஒரே வளாகத்தில் புத்தரும் 'காமி' என்னும் தேவதைகளும் குடித்தனம் செய்த கோயில்களை, 1868-ல் அரசாங்க உத்தரவால் வெவ்வேறாக்கினார்கள். 1889-ன் அரசியல் சட்டம் மத சுதந்திரம் அளித்தது. உடனே, காமி கோயிலில் எல்லாரும் வணங்க வேண்டுமென்று விதிப்பது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி பிறந்தது. அது மதமே அல்ல, தேசிய ஆசாரம் என்று சமாதானம் கண்டுபிடித்து, 1900-ல் உள்நாட்டு இலாகாவில் கோயில்களுக்கு ஒரு காரியாலயமும் மதங்களுக்கு வேறொரு காரியாலயமும் ஏற்படுத்தினார்கள். கப்பலில் விடை கிடைக்காத கேள்விக்குக் கச்சேரியில் விடை எழுதியாயிற்று. குமேயோ, ஷிந்தோ என்பது விண்ணை வழிபட்ட புராதன வழக்கமே என்று 1891-ல் ஒரு கட்டுரை எழுதி, மறுவருஷம் ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் தம் ஆசிரிய பதவியை இழந்தார். கேள்வியை மறக்காதவருக்குக் கிடைத்த சன்மானம் அது.

பெரிய மனிதர்களின் இந்தத் தர்க்கங்களுக்குக் கீழே, நடந்தும் ரிக்‌ஷாவிலும் நாடு சுற்றிய வழிகாட்டிகளின் தொழில் வளர்ந்தது. உடன்படிக்கைத் துறைமுகங்களிலிருந்து பத்து 'ரி', அதாவது சுமார் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் போக அந்நியருக்கு 1899 வரை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டோடு துபாஷியும் வேண்டியிருந்தது. 1878-ல் வடக்கே ஹொக்காய்தோ வரை போன இஸபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, இதோ என்ற பதினெட்டு வயது இளைஞனை அமர்த்திக்கொண்டார். கெட்டிக்காரன், தெரியாத ஆங்கிலச் சொல்லை உடனே எழுதிக்கொள்வான், கொடுக்கல் வாங்கலில் தரகும் எடுத்துக்கொள்வான். ஹொக்காய்தோவின் ஆதிக்குடிகளான ஐனு மக்களிடம் மரியாதையாகப் பேசு என்று அவர் சொன்னபோது, அவர்கள் மனிதர்களா என்ன என்ற பாவனையில் அவன் விடை சொன்னானாம். நமக்கு ஐனுக்களைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்வதில் பெரும்பகுதி அவன் நாவின் வழியாக வந்தது என்பதை மறந்துவிடலாகாது. மறு வருஷமே யோகஹாமா வழிகாட்டிகள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1907-ல் அரசாங்கம் அவர்களுக்கு லைசென்ஸ் விதித்தது. 1893-ல் ஷிபுசவா எய்சி முதலிய வர்த்தகப் பிரமுகர்கள் அந்நிய விருந்தாளிகளை உபசரிக்கவென்று 'கிஹின்காய்' என்ற சபையை நிறுவினார்கள். 1912-ல் ஜப்பான் டூரிஸ்ட் பீரோ தோன்றிற்று.

அந்த நாட்களில் அந்நியர் மிகுதியாகக் கேட்டது குடும்பத்தைப் பற்றியே. அதற்கு ஜப்பானியரின் வாயிலிருந்து வந்த தெளிவான விடைகளில் ஒன்று, சிவில் சட்டத்தை இயற்றிய மூவரில் ஒருவரான ஹோசுமி நொபுஷிகே 1899-ல் ரோமாபுரியில் நிகழ்ந்த கீழ்த்திசைப் பண்டிதர் மகாசபையில் செய்த பிரசங்கம்: ஜப்பானியக் குடும்பத்தின் அஸ்திவாரம் பிதிர் வழிபாடு என்றார். 1898-ன் சட்டப்படி 'இயே' என்னும் குடும்பத்துக்குக் 'கோஷு' என்ற தலைவன் உண்டு; அவன் சம்மதமின்றி யாருக்கும் விவாகமில்லை; சொத்து மூத்த மகனுக்கு; மகனில்லாவிட்டால் வீட்டோடு மாப்பிள்ளையாக வருபவனையே சுவீகாரமும் எடுத்து, மாமனாரின் குடும்பப் பெயரை அவனுக்குச் சூட்டுவார்கள். லாஃப்காடியோ ஹெர்ன் என்ற கிரேக்க - ஐரிஷ் எழுத்தாளருக்கு இந்தச் சட்டம் புத்தக விஷயமாக மட்டும் இருக்கவில்லை. 1890-ல் வந்து, மட்சுவேயில் ஆசிரியராகி, கொய்சுமி செட்சுவை மணந்த அவர், மனைவிக்கும் பிள்ளைக்கும் சொத்து சேரவேண்டுமே என்று 1896-ல் அவள் குடும்பத்திலேயே சேர்ந்து கொய்சுமி யாகுமோ என்ற ஜப்பானியக் குடிமகனானார். ஜப்பானிய நூல்களைச் சரளமாக வாசிக்க அவரால் இயலவில்லை. செட்சு பழங்கதைகளைத் தேடிப் படித்து, இருவருக்கும் மட்டுமே புரியும் ஒரு கொச்சை ஜப்பானியத்தில் சொல்ல, அவர் ஆங்கிலமாக்கினார். 1904-ல் வெளிவந்த அவருடைய நூலொன்று ஜப்பானிய வாழ்வு முழுவதையும் இறந்தவர்களின் ஆட்சி என்றே விளக்குகிறது. ஒரேயடியாகச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆயினும் பூஜை மாடத்தின் முன் தினந்தோறும் சோறு வைக்கும் வீட்டில் பதின்மூன்று வருஷம் வாழ்ந்தவரின் வாக்கு அது.

ஹெர்னுடைய நண்பராக இருந்த ஆங்கிலேயப் பண்டிதர் பாசில் ஹால் சேம்பர்லின் இதற்கு நேர் மாறான சுபாவம் உடையவர்; அது ஒரு நூலை அவர் மதிப்பிட்ட விதத்திலே தெரியும். 1899-ல் உடல்நலம் குன்றி அமெரிக்காவில் தங்கியிருந்த நிதோபே இனாசோ என்னும் ஜப்பானியக் கல்விமான், மதபோதனை இல்லாத பள்ளிகளில் ஒழுக்கத்தை எவ்வாறு கற்பிக்கிறீர்கள் என்று ஒரு பெல்ஜியப் பேராசிரியர் முன்பு கேட்டதற்கும், தம்முடைய அமெரிக்க மனைவி ஓயாமல் கேட்ட கேள்விகளுக்கும் விடையாக, 'புஷிதோ' (போர்வீரர் நெறி) என்னும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அது உலகமெங்கும் பரவி, 1908-ல் ஜப்பானிய மொழியிலும் வந்தது. தம் முன்னோரின் ஆத்மாவை ஜப்பானியர் மொழிபெயர்ப்பில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். 1912-ல் சேம்பர்லின் ஒரு சிறு பிரசுரத்தில், சக்கரவர்த்தி பக்தியும் புஷிதோவும் புராதனம் என்று சொல்லப்பட்டாலும் நம் கண்ணெதிரே சமைக்கப்பட்ட புது மதமே என்று எழுதினார். நான் சேம்பர்லின் கட்சி. ஆனால் நிதோபே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை; கேள்வி கேட்டவன் எந்த அளவுகோலை நீட்டினானோ, அதற்கேற்ப அவர் தம் வீட்டை அளந்து காட்டினார்.

இந்தத் தொழிலின் மிக இனிய ஞாபகச் சின்னம் ஒரு ஹோட்டலில் இருக்கிறது. பேர்ட் அம்மையார் நிக்கோவில் தங்கியது கனாயா என்பவரின் வீடு. அந்தக் குடும்பத்தின் இரண்டாம் மகன் ஷோசோ, ஹகோனே மலையில் 1878-ல் தொடங்கப்பட்ட புஜியா ஹோட்டலின் முதலாளி யாமகுச்சியின் மகளை மணந்து, வீட்டோடு மாப்பிள்ளையாய்ப் பெயரும் மாறினார். நீண்ட மீசைக்காரரான இவர், சாப்பாட்டு மேஜையில் வைக்கும் உணவுப் பட்டியலின் பின்புறத்தில், புத்தாண்டுக்கு வாசலில் பைன் மரக்கிளை ஏன், பொம்மைத் திருநாள் எது, கல்யாணத்தில் மூன்று கிண்ணம் மது எதற்கு என்பன போன்ற சிறு விளக்கங்களை அச்சிட்டு வைத்தார். சூப் ஆறுவதற்குள் ஒன்று படித்துவிடலாம். விருந்தாளிகள் விரும்பிக் கேட்கவே, அவை 1934-ல் 'நாம் ஜப்பானியர்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு நூலாயின. ஜப்பானிய முறையில் மடித்துத் தைத்த தாள்களில் பின்னும் பாகங்கள் வந்தன. பண்டிதர்களின் பல நூல்களைவிட இந்தப் பட்டியல் முதுகுகளை நான் உயர்வாக மதிக்கிறேன். ஏனெனில் இவை ஜப்பானிய ஆத்மாவைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதே ஆண்டுகளில் அரசாங்க டூரிஸ்ட் இலாகாவும் சிறு புத்தக வரிசையொன்றை வெளியிட்டது. அதில் 'ஷிந்தோ என்றால் என்ன?' என்பதை எழுதிய கட்டோ கெஞ்சி, அது மதமல்ல என்று அரசு சாதித்த காலத்திலும், ஜப்பானிய ஜாதியின் மதம் அதுவே என்று நூலெழுதியவர்.

யுத்தம் வந்தது, தோல்வி வந்தது. 1948 ஜனவரி முதல் கோஷு என்ற குடும்பத் தலைவன் சட்டத்தில் இல்லாமற்போனான். ஜப்பானை ஒருமுறையேனும் பார்த்திராத ரூத் பெனிடிக்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1946-ல் எழுதிய ஜப்பானிய சுபாவ விளக்கம், 1948-ல் ஜப்பானிய மொழியில் வந்து அமோகமாக விற்றது. 1949-ல் வழிகாட்டித் துபாஷிகளுக்கென்று புதுச் சட்டமும் பரீட்சையும் ஏற்பட்டன.

கப்பலில் போன அந்த ஆறு வயதுக் குழந்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினோரு வருஷம் கழித்து 1882-ல் திரும்பி வந்தபோது ட்சுதா உமேவுக்குத் தாய்மொழி மறந்து போயிருந்தது. பெற்றோரிடம் பேசுவதற்கே பாஷை கற்க வேண்டியிருந்தது. ஜப்பானிய வீடு அவளுக்கே விளக்கப்பட வேண்டிய ஒன்றாக இருந்ததனால்தானோ என்னவோ, ஆலிஸ் பேக்கன் என்ற அமெரிக்கத் தோழி 'ஜப்பானியச் சிறுமியரும் மாதரும்' என்ற நூலை 1891-ல் வெளியிடுவதற்கு அவள் உடனிருந்து உதவினாள். ஜப்பானியக் குடும்பத்தின் உட்புறத்தைப் பெண்களின் பக்கமிருந்து காட்டிய அந்த நூலைப் பேக்கன், அதே கப்பலில் போன மற்றொரு சிறுமியான ஓயாமா சுதேமட்சுவுக்குச் சமர்ப்பித்தார். ட்சுதா 1900-ல் தோக்கியோவில் பெண்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். நிதோபேயின் முகம் 1984 முதல் இருபது வருஷம் 5,000 யென் நோட்டில் அச்சாகி வந்தது. 2024 ஜூலை மாதம் வெளியான புது நோட்டுகளில், 10,000 யென்னில் இருப்பவர் ஷிபுசவா. 5,000 யென்னில் இருப்பவர் ட்சுதா உமே.